எட்டாவது பெயர்: எல்லையோரக் குடும்பம் ஒன்றின் பள்ளிச் சேர்க்கை, நிகழ்வு ஆய்வு

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகக் கேரளாவின் கொழிஞ்சாம்பாறை போகிற சாலையை ஒட்டிய ஒரு ஊரில் 2023-ஆம் ஆண்டு நடந்தது இது. குடும்பத்தின் பெயர், ஊர்ப் பெயர், பள்ளிகளின் பெயர் எதையும் எழுதவில்லை. அந்த அம்மாவின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். நான் அப்போது இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராக மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவிலும் உறுப்பினர்.

பின்னணி

எங்கள் பக்கத்தில் எல்லை என்பது பெரும்பாலும் தென்னந்தோப்புக்கு நடுவே போகிற ஒரு வாய்க்கால்தான். 1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் பிரிந்தபோது அண்ணன் வீடு இந்தப் பக்கமும் தங்கை வீடு அந்தப் பக்கமுமாக ஆன குடும்பங்கள் நிறைய. அந்தப் பக்கம், கேரளாவின் சித்தூர் தாலுகாவில் தமிழ் பேசும் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. பெண் கொடுப்பதும் எடுப்பதும் வேலைக்குப் போய் வருவதும் தினசரி நடக்கிறது. பேச்சு இரண்டு பக்கமும் ஒன்றுதான், அரசாங்கக் காகிதம் மட்டும் வேறு வேறு.

அந்த அம்மாவுக்கு வயது 27. பிறந்தது பொள்ளாச்சிப் பக்கம், கட்டிக் கொடுத்தது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கணவர் லாரியில் தேங்காய் லோடு ஏற்றி இறக்குகிறார். 2022 கடைசியில் இங்குள்ள நார் மில்லில் அம்மாவுக்கு வேலை கிடைத்ததால், வாடகை வீடு பிடித்து இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். நாள் கூலி 350 ரூபாய். கணவர் வாரத்தில் நான்கைந்து நாள் கேரளாவிலேயே தங்கிவிடுவார். இரண்டு குழந்தைகள். மூத்தவள் 2018 பிப்ரவரியில் பிறந்தவள், இளையவன் 2019 அக்டோபர். இருவரின் பிறப்புச் சான்றும் கேரளாவில் வாங்கியவை. ஆதாரில் இருந்தது கொழிஞ்சாம்பாறை முகவரி. ரேஷன் கார்டும் கேரளாவின் பிங்க் கார்டு, அதாவது முன்னுரிமைக் குடும்பங்களுக்கானது.

மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாள் மாலை வகுப்பு முடிகிற நேரத்துக்கு இரண்டு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். நார்த் தூசி தலையில் அப்படியே இருந்தது. "டீச்சர், பிரைவேட் ஸ்கூல்ல பீஸ் இல்லாம சேத்துக்குவாங்களாமா, அது எப்படிங்க?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

முதலில் மூத்தவள்

அவர் கேட்டது மூத்தவளுக்காக. ஒன்றாம் வகுப்புக்கு வயது சரி, இலவச இடத்தில் சேர்த்துவிடலாம் என்று நினைத்திருந்தார். இங்கேதான் நான் முதலில் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

2009-ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 12(1)(சி) பிரிவுப்படி அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் தங்கள் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட குடும்பங்களின் குழந்தைகளுக்குத் தர வேண்டும். நுழைவு வகுப்பு என்றால் அந்தப் பள்ளி எந்த வகுப்பில் தொடங்குகிறதோ அது. எங்கள் சுற்றில் உள்ள தனியார் பள்ளிகள் எல்லாமே எல்.கே.ஜி.யில் தொடங்குகின்றன. அதனால் அந்த இடங்கள் எல்.கே.ஜி.யில்தான் வரும், ஒன்றாம் வகுப்பில் வராது. மூத்தவளுக்கு அந்த வாசல் மூன்று வயதிலேயே தாண்டிப் போய்விட்டது. இது தெரியாமல் ஐந்து வயது வரை காத்திருக்கிற பெற்றோர் ஒவ்வொரு வருடமும் நான்கு பேராவது என்னிடம் வருகிறார்கள். அவர்களிடம் இதைச் சொல்லும்போது முகம் மாறுவதைப் பார்ப்பது கஷ்டமாக இருக்கும்.

மூத்தவளை ஒன்றியப் பள்ளியில் சேர்த்தோம். ஆதார் முகவரி கேரளா என்பதால் தலைமையாசிரியர் கொஞ்சம் தயங்கினார். வயதுச் சான்று இல்லை என்பதற்காகக்கூடச் சேர்க்கையை மறுக்க முடியாது என்று சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. இவளிடம் பிறப்புச் சான்றே இருந்தது. அதைக் காட்டியதும் அன்றைக்கே சேர்த்துக்கொண்டார். நோட்டில் பெயர் எழுதச் சொன்னபோது அவள் மலையாள எழுத்தில் எழுதினாள். டீச்சர் அதைத் திருத்தாமல், அதற்குக் கீழேயே தமிழில் எழுதிக் காட்டினார். எனக்கு அது பிடித்திருந்தது.

இளையவனுக்கான விண்ணப்பம்

2023–24-க்கு எல்.கே.ஜி. சேர 2019 ஆகஸ்ட் 1-க்கும் 2020 ஜூலை 31-க்கும் இடையே பிறந்திருக்க வேண்டும். இளையவன் அதற்குள் வந்தான். விண்ணப்பக் காலம் ஏப்ரல் 20 முதல் மே 18 வரை. இணையம் வழியாகத்தான் போட வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலகத்திலும் வட்டார வள மையத்திலும் கட்டணமில்லாமல் போட்டுத் தருகிறார்கள்.

எந்தப் பள்ளி என்பது முதல் கேள்வி. வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிக்குத்தான் விண்ணப்பிக்கலாம். அந்தத் தூரத்துக்குள் இரண்டு பள்ளிகள் இருந்தன. ஒன்று சிறுபான்மையினர் நடத்துவது. 2014-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆக, மிச்சம் ஒன்றே ஒன்று.

இந்த இடத்தில் ஒரு விஷயம். அந்த அம்மா என்னிடம் வருவதற்கு முன்பே வேறொரு பள்ளிக்கு நேரில் போயிருக்கிறார். அங்கே பையனிடம் நிறங்களின் பெயரை இங்கிலீஷில் கேட்டிருக்கிறார்கள், அப்புறம் அப்பா அம்மா என்ன படித்திருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துச் சேர்ப்பதை 13-ஆம் பிரிவு தடை செய்கிறது. முதல் முறைக்கு 25,000 ரூபாய் வரை, அதற்குப் பின் ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. பையன் வாய் திறக்கவில்லை என்பதை அந்த அம்மா தன் குற்றம் போலச் சொன்னார். அவனுக்கு அப்போது மூன்றரை வயது.

அடுத்தது எந்தப் பிரிவில் விண்ணப்பிப்பது என்ற கேள்வி. பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் வகுப்புக் குழந்தைகளுக்கு வருமான வரம்பு கிடையாது, சாதிச் சான்று போதும். ஆனால் கணவரின் சாதிச் சான்று கேரளா தந்தது. ஒரு மாநிலத்தின் சாதிப் பட்டியல் அடுத்த மாநிலத்தில் செல்லாது, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் சரி. அதனால் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குக் கீழ் உள்ளவர்களுக்கான நலிவடைந்த பிரிவில் போடுவதென்று முடிவு செய்தோம். அதற்கு வருமானச் சான்று வேண்டும்.

ஏப்ரல் 12-இல் இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தோம். தமிழ்நாட்டு ரேஷன் கார்டு இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கார்டை மாற்றினால் என்ன என்று யோசித்தோம். அதற்குக் கேரளாவில் பெயர் நீக்கிச் சான்று வாங்க வேண்டும், இங்கே புதுக் கார்டு வர எத்தனை மாதமாகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. "அதுவரைக்கும் அரிசிக்கு என்ன பண்றதுங்க?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கார்டைத் தொடவில்லை.

பதிலாக, வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரர் பெயரில் உள்ள மின்கட்டண ரசீது, மில்லில் வாங்கிய சம்பளக் கடிதம் மூன்றையும் வைத்து மறுபடி விண்ணப்பித்தோம். கிராம நிர்வாக அலுவலர் நேரில் வந்து பார்த்தார், பக்கத்து வீட்டில் விசாரித்தார். வட்டாட்சியரின் சான்று மே 5-இல் வந்தது. ஆண்டு வருமானம் 96,000 ரூபாய் என்றும், இன்ன ஊர், இன்ன தெரு, இன்ன கதவு எண்ணில் வசிப்பவர் என்றும் அதில் இருந்தது. இந்தக் கடைசி வரி பின்னால் எவ்வளவு உதவப்போகிறது என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

மே 9-இல் விண்ணப்பம் போட்டோம். கைபேசி எண் கேட்டபோது கணவரின் எண்ணைத் தந்தார்கள். அம்மாவிடம் இருந்தது சாதாரண போன், அடிக்கடி ரீசார்ஜ் தீர்ந்துவிடும் என்பதால் நானும் சரி என்றேன். இந்த ஆய்வில் நான் செய்த தவறுகளில் பெரியது அதுதான்.

குலுக்கல் நாள்

மே 23 காலையில் குலுக்கல். நானும் அம்மாவும் பையனும் பத்து மணிக்குப் போனோம். வாசலில் அறிவிப்புப் பலகையில் இரண்டு தாள் ஒட்டியிருந்தது. தகுதியான விண்ணப்பங்கள் 17, தகுதியற்றவை 4. பையனின் பெயர் இரண்டாவது தாளில் இருந்தது. காரணம் என்ற கட்டத்தில் 'இருப்பிடச் சான்று ஏற்கத்தக்கதல்ல' என்று இருந்தது. விண்ணப்பத்தோடு இணைத்தது ஆதார், அதில் கொழிஞ்சாம்பாறை முகவரி.

அந்தத் தாள் முன்பே ஒட்டப்பட்டிருக்கிறது. கணவரின் போனுக்குக் குறுஞ்செய்தியும் வந்திருக்கிறது, அவர் பார்க்கவில்லை. நானும் இடையில் ஒரு நடை போய்ப் பலகையைப் பார்த்திருக்கலாம், போகவில்லை. குலுக்கலுக்கு முன்பே ஆட்சேபம் சொல்லியிருந்தால் விஷயம் வேறு மாதிரி போயிருக்கும்.

அன்றைக்கே குலுக்கலை நிறுத்தச் சொல்லிக் கேட்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். கூடத்தில் பதினைந்து குடும்பங்களுக்கு மேல் இருந்தன. கூலி வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். முன் வரிசையில் ஒரு தாத்தா பேரனை மடியில் வைத்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ வேண்டிக்கொண்டிருந்தார். நான் எழுந்திருக்கவில்லை.

எல்.கே.ஜி.யில் மொத்தம் 40 இடம், அதில் 10 இந்தச் சட்டத்தின் கீழ். ஆதரவற்றோர், மாற்றுத்திறனாளிகள் போன்ற முன்னுரிமைப் பிரிவினருக்குக் குலுக்கல் இல்லாமலே இடம் உண்டு, அப்படி இருவர். மிச்சமுள்ள 15 பெயர்களையும் துண்டுச் சீட்டில் எழுதி, ஒரே மாதிரி மடித்து, எவர்சில்வர் போசியில் போட்டார்கள். பள்ளிக்கல்வித் துறையிலிருந்து ஒருவர் பார்வையாளராக உட்கார்ந்திருந்தார். ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தாள். எட்டுப் பெயர் முடிந்ததும், மீதி ஏழு சீட்டையும் எடுத்த வரிசைப்படி காத்திருப்போர் பட்டியலாக எழுதினார்கள். நேர்மையாகத்தான் நடந்தது. அதைச் சொல்லியாக வேண்டும்.

மனு

அன்று மதியமே பள்ளி வாசலில் இருந்த பெட்டிக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து மனு எழுதினோம். ஒரு பக்கம்தான். எங்கள் வாதம் ஒன்றே ஒன்று: வட்டாட்சியர் தந்த வருமானச் சான்றை வருமானத்துக்கு ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள், அதே தாளில் அதே அதிகாரி, கிராம நிர்வாக அலுவலர் நேரில் விசாரித்ததன் பேரில், வீட்டு முகவரியையும் எழுதியிருக்கிறார், ஒரே தாளில் ஒரு வரி செல்லும், அடுத்த வரி செல்லாது என்பது சரியா? குடும்பம் ஏழை என்பதையோ, அம்மா படும் பாட்டையோ அதில் எழுதவில்லை. எழுதலாம் என்றுதான் அந்த அம்மா நினைத்தார். மனுவைப் படிக்கிறவருக்குத் தீர்மானிக்க வேண்டியது எது என்பது முதல் பார்வையிலேயே தெரிய வேண்டும் என்பதற்காக விட்டோம்.

பள்ளி அலுவலகத்தில் ஒரு நகலைக் கொடுத்து, இன்னொன்றில் முத்திரை போட்டுத் தரக் கேட்டோம். "மேடம், நாங்க வாங்கிக்கறோம், சீல் எல்லாம் போட மாட்டோம்" என்றார் எழுத்தர். சண்டை போடவில்லை. மறுநாள் பொள்ளாச்சி போய்ப் பள்ளிக்கும், வட்டாரக் கல்வி அலுவலருக்கும், தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம். 14417 உதவி எண்ணிலும் புகாரைப் பதிந்தோம்.

சட்டத்தின் 32-ஆம் பிரிவுப்படி, குறையை எழுத்து மூலமாக உள்ளாட்சி அதிகார அமைப்பிடம் தர வேண்டும், அது மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு போகலாம். ஆனால் மூன்று மாதம் என்பது எல்.கே.ஜி. குழந்தைக்கு ஒரு பருவம். அதனால் மனுவின் கடைசியில் 'பள்ளி திறப்பதற்குள்' என்று ஒரு வரி சேர்த்தோம்.

இதற்கு நடுவில் இ-சேவையில் தனியாக இருப்பிடச் சான்றுக்கும் விண்ணப்பித்தோம். மே 29-இல் வந்துவிட்டது. முதலிலேயே வாங்கியிருந்தால் இவ்வளவும் தேவையில்லை. வருமானச் சான்றே போதும், ஆதாரை யார் கூர்ந்து பார்க்கப்போகிறார்கள் என்று நான் நினைத்துவிட்டேன்.

ஜூன் 9-இல் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். விசாரித்த அதிகாரி இரண்டு சான்றுகளையும் விரித்து வைத்துப் படித்தார். "முகவரி சரியாத்தான் இருக்கு, இதை ஏத்திருக்கணும்" என்றார். ஆனால் குலுக்கல் முடிந்துவிட்டது. அவர் இரண்டு வழி சொன்னார். மறுகுலுக்கல் கேட்டு மேலே எழுதலாம், அல்லது காத்திருப்போர் பட்டியலின் கடைசியில் பெயரைச் சேர்க்க உத்தரவு போடலாம்.

நாங்கள் வெளியே வேப்ப மரத்தடியில் நின்று பேசினோம். மறுகுலுக்கல் கேட்டால் சட்டப்படி எங்கள் பக்கம் வலுவானது என்று எனக்குப் பட்டது. ஆனால் தேர்வானவர்களில் பலர் சேர்க்கை முடித்து, பிள்ளைகளுக்கு அளவெடுத்து யூனிபார்ம் தைக்கக் கொடுத்திருந்தார்கள். அந்த அம்மா அதிக நேரம் யோசிக்கவில்லை. "அந்தப் புள்ளைங்களும் நம்ம மாதிரிதானுங்களே டீச்சர். குடுத்தத புடுங்க வேண்டாம்" என்றார். முடிவு அவருடையது. இன்றைக்குத் திரும்பிப் பார்த்தாலும் அந்த முடிவோடு நான் ஒத்துப்போகிறேன். ஆனால் இதையே வழியாக எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். பட்டியல் நீளமாக இருந்தால், கடைசியில் சேர்ப்பது என்பது கௌரவமாக மறுப்பது போலத்தான்.

ஜூன் 12-ஆம் தேதியிட்ட உத்தரவு எழுத்தில் வந்தது. பள்ளிப் பலகையில், தட்டச்சு செய்த ஏழு பெயருக்குக் கீழே நீலப் பால்பாயிண்ட் பேனாவால் எட்டாவதாகப் பையனின் பெயரை எழுதினார்கள். கோடு போட்ட கட்டத்துக்கு வெளியே இருந்தது அது. பையன் அதைத் தடவிப் பார்த்தான்.

காத்திருப்பு

அந்த வருடம் வெயில் காரணமாகத் தொடக்கப் பள்ளிகள் ஜூன் 14-இல்தான் திறந்தன. மூத்தவள் பள்ளிக்குப் போக ஆரம்பித்தாள், இளையவன் அங்கன்வாடிக்கு.

காத்திருப்போர் பட்டியலில் எட்டாவது என்றால் நம்பிக்கைக்கு இடமில்லை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது அப்படியில்லை. தேர்வான பத்துப் பேரில் மூன்று பேர் சேரவில்லை. இரண்டு குடும்பங்கள் வேறு பள்ளிக்குப் போய்விட்டன. ஒன்று வேலைக்காகத் திருப்பூருக்கு மாறிவிட்டது. மூன்று இடம் காலியானதும் பட்டியலில் முதல் ஆளிலிருந்து கூப்பிட ஆரம்பித்தார்கள். அதற்குள் ஜூன் கடைசி. காத்திருந்த ஏழு பேரில் மூன்று பேர் ஏற்கெனவே வேறு இடத்தில் பணம் கட்டிவிட்டார்கள். ஒருவரின் எண் உபயோகத்தில் இல்லை. இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஏழாவது குடும்பம் வேன் செலவு கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டது. ஜூலை முதல் வாரத்தில் எட்டாவது பெயருக்கு வந்துவிட்டது பட்டியல்.

ஜூலை 6-இல் பள்ளியிலிருந்து கணவரின் எண்ணுக்கு மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் லோடு இறக்கிக்கொண்டிருந்திருக்கிறார். தெரியாத எண் என்று திருப்பிக் கூப்பிடவில்லை. நான்கு நாள் கழித்து, மில்லில் மட்டை ஊறவைக்கிற தொட்டியருகே டீ குடிக்கும்போது, ஏழாவது குடும்பத்து அம்மா, "எங்களுக்கு வேண்டாம்னுட்டோம், அடுத்து உங்களுக்குத்தானே வரும்" என்று சொன்னதில்தான் இவருக்கு விஷயம் தெரிந்தது. அரை நாள் கூலியை விட்டுவிட்டு என் வீட்டுக்கு ஓடி வந்தார்.

பள்ளியில், "மூணு தடவை கூப்பிட்டோம், எடுக்கலை, வேண்டாம்னு முடிச்சுட்டோம்" என்றார்கள். அழைக்கிற முறை பற்றி அந்த உத்தரவில் எதுவும் இல்லை. எடுக்காத போன் மறுப்பாகாது, எழுத்தில் அறிவித்தீர்களா என்று மட்டும் கேட்டேன். முதல்வர் அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நாளைக்குள்ள ஒரிஜினல் எல்லாம் கொண்டு வாங்க" என்றார். அவருக்கு மனமிருந்தது. இல்லாமல் போயிருந்தால், ஒரு மிஸ்டு காலில் முடிந்திருக்கும் எல்லாம்.

ஜூலை 11-இல் பையன் சேர்ந்தான்.

நாங்கள் எழுதாத மனு

சேர்க்கையன்று புத்தகம், நோட்டு, யூனிபார்ம் என்று 7,400 ரூபாய் கேட்டார்கள். அந்த அம்மாவுக்கு அது 21 நாள் கூலி. வேனுக்கு மாதம் 650 தனி.

இந்த இடங்களில் படிக்கும் குழந்தைக்குக் கல்வி இலவசம் என்கிறது சட்டம். 12(2) பிரிவுப்படி அரசு தன் பள்ளியில் ஒரு குழந்தைக்குச் செலவிடும் தொகை, அல்லது அந்தப் பள்ளி வாங்கும் கட்டணம், இரண்டில் குறைவானதைப் பள்ளிக்குத் திருப்பித் தருகிறது. அந்தப் பணம் காலத்துக்கு வருவதில்லை என்பது பள்ளி நடத்துகிறவர்களின் குறை. அது உண்மையான குறைதான், அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பாரத்தை இறக்கி வைக்கிற இடம் நார் மில் தொழிலாளியின் தலை இல்லை.

இதற்கும் ஒரு மனு எழுதலாம் என்றேன். அந்த அம்மா வேண்டாம் என்றார். "சேந்த அன்னிக்கே மொட்டை போட்டா, உள்ள இருக்கற புள்ளைய யார் பாத்துக்குவாங்க?" மொட்டை என்றால் எங்கள் பக்கம் பெயர் போடாத புகார். நான் பெயர் போட்டே எழுதலாம் என்றேன். அதற்கும் தலையை ஆட்டிவிட்டார். மூன்று தவணையாகக் கட்ட அனுமதி வாங்கினோம். கம்மலை அடகு வைத்துத்தான் முதல் தவணை கட்டினார் என்று பிறகு தெரிந்தது.

அந்த மனுவை எழுதியிருக்க வேண்டும் என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது. தனியாக அவர் பெயரில் வேண்டாம். அந்தப் பத்துக் குழந்தைகளின் பெற்றோரும் சேர்ந்து ஒரே மனுவாகப் போட்டிருந்தால் யார் பிள்ளை என்று தனியாகத் தெரிந்திருக்காது. அன்றைக்கு மற்ற ஒன்பது பேர் யார் என்று தேடிப் போக எனக்குத் தோன்றவில்லை.

பின்பு நடந்தவை

2023 ஆகஸ்ட் 25-இல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. மூத்தவளுக்கு அதுவரை காலையில் டீயும் வர்க்கியும்தான், அம்மா ஆறரைக்கே மில்லுக்குப் போய்விடுவார். இப்போது எட்டேகாலுக்குப் பள்ளியில் சூடாக உப்புமாவோ பொங்கலோ சாப்பிடுகிறாள். வருடக் கடைசியில் தமிழ் நன்றாகவே வாசித்தாள். இளையவன் ஆங்கிலப் பாட்டு பாடுகிறான், யூனிபார்ம் போட்டுக்கொண்டு வேனில் போவதில் அவனுக்குப் பெருமை. காலையில் சாப்பிடாமல்தான் போகிறான்.

எந்தப் பிள்ளைக்கு நல்ல இடம் கிடைத்தது என்று அந்த அம்மா ஒரு தடவை என்னிடம் கேட்டார். நான் ஒன்றியப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கிறவள். என் பிள்ளைகளும் அங்கேதான் படித்தார்கள். அந்தப் பள்ளிதான் எனக்குப் பிடித்தது என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "ரெண்டும் இருக்கட்டுங்க டீச்சர்" என்றார்.

இனி வேறு மாதிரி செய்வது

இப்போது ஏப்ரல் வரை நான் காத்திருப்பதில்லை. ஜனவரியில் பொங்கல் முடிந்ததும், மூன்று வயது முடிந்த குழந்தை இருக்கிற வீடுகளுக்குப் போகிறேன். எல்லை தாண்டி வந்த குடும்பம் என்றால் முதல் வேலை இருப்பிடச் சான்று. இரண்டாவது வருமானச் சான்று. இரண்டிலும் கதவு எண் வரை ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கிறேன். கைபேசி எண் கேட்கும் இடத்தில், பகலில் ஊரில் இருக்கிறவரின் எண்தான். அது இல்லையென்றால் என் எண்ணைக் கொடுக்கச் சொல்கிறேன். விண்ணப்பம் முடிந்த நாளிலிருந்து குலுக்கல் வரை தினமும் ஒருவர் போய்ப் பலகையைப் படம் எடுத்து வர வேண்டும் என்று முறை போட்டுக்கொள்கிறோம். தகுதியற்ற பட்டியலில் பெயர் இருந்தால் அன்றைக்கே மனு. காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறவர்கள் ஜூலை நடுப்பகுதி வரை வாரம் ஒரு முறை பள்ளிக்கு நேரில் போய்க் கேட்கிறார்கள். அதற்காக அரசுப் பள்ளியில் சேர்ப்பதையோ அங்கன்வாடிக்கு அனுப்புவதையோ தள்ளிப்போட வேண்டாம் என்றும் சொல்கிறேன்.

2025 ஜனவரியில் இப்படி ஆறு குடும்பங்களுக்குக் காகிதம் தயாராக இருந்தது. அந்த வருடம் மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் இடையிலான நிதிப் பிரச்சினையில் இந்தச் சேர்க்கையே மாதக்கணக்கில் நின்றுபோய், அக்டோபரில்தான் தொடங்கியது. தொடங்கியபோது, ஏற்கெனவே கட்டணம் கட்டி அந்தப் பள்ளிகளில் சேர்ந்திருந்த குழந்தைகளிலிருந்துதான் இடங்களை நிரப்பினார்கள். ஜூனில் கட்டணம் கட்ட முடியாமல்தானே எங்கள் ஆறு பேரும் இலவச இடத்துக்குக் காத்திருந்தார்கள். ஒருவருக்கும் கிடைக்கவில்லை. ஆறு குழந்தைகளின் சான்றுகளும் என் வீட்டு அலமாரியில் பிளாஸ்டிக் உறையில் இருந்தன. தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒவ்வொரு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.